மறுபடியும் கீரைக்கட்டு

இன்னிக்குக் காலைல கீரைக்கார அக்கா கேட்டாங்க.
"என்ன தம்பி, ஊர்ல இல்லையா? ஆளையே காணோம்?"

ஊர்லதான்க்கா இருந்தேன்.
பிரியாணிக் கடையில.

புரட்டாசி முழுக்க கவுச்சி தொடல. மாசம் முடிஞ்சும் அப்படியே தொடர்ந்தேன். காலைல கம்மங்கூழ், மதியம் கீரை, ராத்திரி பாசிப்பயறு சுண்டல். பேன்ட் லூசாச்சு.
சும்மா இருப்பேனா? ஆபீஸ்ல எல்லாருக்கும் கிளாஸ் எடுத்தேன்.

அப்புறம் ஆம்பூர்ல ஒரு கல்யாணம்.
சீரகச் சம்பா. கூடவே கத்திரிக்காய்.
"கத்திரிக்காய் சைவம்தானே"ன்னு பந்தியில உக்காந்தவன்தான்.
மூணு வாரமா எந்திரிக்கவே இல்ல.

ஆனா பழிய ஆட்டு மேல மட்டும் போடக்கூடாது. அதுக்கு முன்னாடியே சாயங்காலம் நாலு வாழைக்காய் பஜ்ஜி, ராத்திரி பரோட்டாவுக்கு வெஜ் குருமான்னு சரிய ஆரம்பிச்சாச்சு. எல்லாம் சுத்த சைவம்! மைதாவுக்கும் எண்ணெய்க்கும் அது தெரியுமா என்ன?

சரி, இன்னிக்கு முருங்கைக்கீரை வாங்கியாச்சு.
ஆய முக்கால் மணி நேரம். (யூட்யூப்ல ரெண்டு நிமிஷம்னு காட்டுறாங்க. பொய்.)
பாசிப்பருப்பு போட்டு வதக்கி, இறக்கினதும் எலுமிச்சை பிழிஞ்சேன். கீரையோட இரும்புச்சத்து உடம்புல நல்லா சேர வைட்டமின் சி உதவும். சாப்பிட்ட கையோட டீ குடிச்சா, அதையே தடுத்துடும்.

இதெல்லாம் தெரிஞ்ச நான், சாப்பிட்டு முடிச்சதும் என்ன பண்ணேன்?
டீ போட்டேன்.

இப்ப மணி நாலு. தெருமுனையில பஜ்ஜிச் சட்டி ஏறிடுச்சு, வாசனை மாடி வரைக்கும் வருது.
நீங்கள்லாம் இதை எப்படிப்பா தாண்டிப் போறீங்க?