எந்த செக்‌ஷன்?

ஜனவரி பிறந்தால் எல்லா ஆபீஸிலும் ஒரு ஜுரம் வரும். வருமான வரிக்கு 'ப்ரூஃப்' கொடுக்கிற ஜுரம். எல்.ஐ.சி. ரசீதைத் தேடி பீரோவைக் கவிழ்ப்பவர்கள், வாடகை ரசீதுக்கு மாமனாரைக் கெஞ்சுபவர்கள்... 2019 ஜனவரியில் எனக்கு வந்த ஜுரம் வேறு தினுசு. மகளின் ஸ்கூல் ஃபீஸ் ரசீது வேண்டும். மகள் இருப்பது காட்டுமன்னார்கோயிலில், அவள் அம்மாவோடு. நான் இருப்பது சென்னையில், பிரஷர் குக்கரோடு. விவாகரத்தாகி இரண்டு வருஷம்.

மாசம் 6,000 ரூபாய் தவறாமல் அனுப்புகிறேனே, வருஷத்துக்கு 72,000 ஆச்சே, அதையே கழித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தெரிந்த ஆடிட்டர் சிரித்தார்.

"ஜீவனாம்சம், பராமரிப்புன்னு அனுப்பற பணத்துக்குக் கழிவு கிடையாது சார். 80-சி-யில ட்யூஷன் ஃபீஸ் மட்டும்தான். ரெண்டு பிள்ளை வரைக்கும். யார் கட்டினாங்களோ அவங்களுக்கு. வேன், பில்டிங் ஃபண்டு எல்லாம் சேராது."

(இன்றைக்குப் புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை. அது வேறு கதை.)

ட்யூஷன் ஃபீஸ் 24,000. என் 20 சதவீதத்துக்கு, செஸ் சேர்த்து 4,992 ரூபாய் மிச்சம். விடுவேனா? பொங்கலுக்கு மகளைப் பார்க்கிற சாக்கில் பஸ் ஏறினேன்.

வீராணம் கரையோரம் போகும்போது மனசுக்குள் ஒரு பெருமை. 2004-லிருந்து இந்த ஏரித் தண்ணீர் குழாயில் சென்னைக்கு வருகிறது. என் பணம் சென்னையிலிருந்து இங்கே வருகிறது. கணக்கு நேர்!

"ரசீதா? அதை என் ஆபீஸ்ல குடுத்துட்டேனே" என்றாள் மகளின் அம்மா. "ரெண்டு மணி நேரம் க்யூவில நின்னு கட்டினது நான்."

"ஒரு ஜெராக்ஸ் இருந்தா..."

"ஒரே ரசீதுக்கு ரெண்டு பேரும் கழிக்கறதா? சரி, ஃபாரத்துல என்னன்னு எழுதுவீங்க? அவ எந்த செக்‌ஷன்?"

நாலாவது என்று தெரியும். ஏ-யா, பி-யா? மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 80-சி, 24-பி என்று வருமான வரி செக்‌ஷன்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இதற்கு வாய் வரவில்லை.

"நாலாவது சி-ப்பா" என்றாள் மெதுவாக.

ஊர் திரும்பியதும் ஆடிட்டரிடம் இன்னொன்று கேட்டேன். அவள் பேரில் தாத்தா போட்ட டெபாசிட்டின் வட்டி யார் கணக்கில் வரும்?

"மைனர் பிள்ளையோட வட்டியை, அப்பா அம்மாவில அதிகம் சம்பாதிக்கறவங்க கணக்குல சேர்ப்பாங்க சார். ஆனா கல்யாணம் முறிஞ்சிருந்தா, அந்த வருஷம் யார் பிள்ளையை வளர்த்தாங்களோ அவங்க கணக்குல."

யார் வளர்த்தார்கள்? இதைக் கேட்க சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

அந்த வருஷம் ஃபாரத்தில் 'ட்யூஷன் ஃபீஸ்' கட்டத்தைக் காலியாக விட்டேன். மார்ச் சம்பளத்தில் வரி பிடித்தார்கள். பிடிக்கட்டும்.

ஜூன் மாசம் லீவு போட்டுவிட்டுப் போனேன். முதல் டெர்ம் ஃபீஸ் நான், அடுத்தது அவள் அம்மா என்று பேச்சு. அவரவர் கட்டியதை அவரவர் கழித்துக்கொள்ளலாம், தப்பில்லை. கவுன்ட்டரில் ரெண்டு மணி நேரம். பக்கத்தில் நின்ற மகள் தன் சிநேகிதிகள், டீச்சர், பிடிக்காத கணக்குப் பாடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். க்யூ இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம்.

ரசீது கைக்கு வந்ததும் தொகையைப் பார்க்கவில்லை. செக்‌ஷனைப் பார்த்தேன். அஞ்சாவது பி.

"எழுதி வெச்சுக்கோப்பா" என்றாள்.