நாலு நாள் ஊருக்குப் போனால் மாட்டை யார் பார்ப்பது?

கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லி எட்டு மாதம் ஆகிவிட்டதாம். மூன்று கறவை மாடுகளை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் படுக்க முடியவில்லை, மாடுகளை விற்றுவிடலாமா என்று ஒரு வாசகி இந்த இதழுக்கு எழுதியிருக்கிறார். கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் தனியாகவே எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவர் அல்ல, வேளாண் அலுவலர். ஆனால் நாமக்கல், ஈரோடு பக்கத்துக் கிராமங்களில் 27 வருடம் தோட்டம் தோட்டமாகப் போய் வந்ததில், மழையைப் பற்றிய பேச்சுக்கு அடுத்தபடியாக நான் கேட்டது, "மாட்டை ஆருங்க பாக்கறது?" என்ற பேச்சைத்தான். மகள் பிரசவத்துக்குப் போகாத அம்மாக்கள் உண்டு. கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட்ட பெரியவர்கள் உண்டு. அவசரத்துக்குச் சந்தையில் மாட்டை விற்றவர்களும் உண்டு. அவசரத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்த்தே வியாபாரி விலையைக் குறைப்பார். உடம்பு தேறி வந்து அதே தரத்தில் ஒரு மாடு வாங்கப்போனால் அந்த விலைக்குக் கிடைக்காது. எனவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள், மாட்டையும் விற்காதீர்கள். ஆளைத் தேடுங்கள்.

மாட்டை அடுத்தவரிடம் விடுவது நமக்குப் புதிது அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஒரு நந்தா விளக்கு எரிக்க 96 ஆடுகள் என்று கணக்கிட்டு இடையர்களிடம் ஒப்படைத்த விவரம் இருக்கிறது. வாங்கியவர் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆட்டின் எண்ணிக்கை குறையக்கூடாது என்பதால் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். பொறுப்பேற்றவருக்குப் பிணை நின்றவர்களையும் எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனை உருப்படி, என்ன அளவு, யார் பொறுப்பு என்று எல்லாமே பேசி முடித்த ஏற்பாடு அது. நாம்தான் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று, "கொஞ்சம் பாத்துக்கப்பா" என்ற ஒரு வார்த்தையில் தொழுவத்தையே ஒப்படைத்துவிட்டுப் போகிறோம்.

எங்கள் வீட்டில் அத்தைக்கு இருதய ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தபோது, கோவையில் 11 நாள் தங்க வேண்டியிருந்தது. தோட்டத்தில் மூன்று மாடு, ஒரு கன்று, ஆறு ஆடு, ஒரு நாய். பங்காளி வீட்டுத் தம்பி, "நான் பாத்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க" என்று சொன்னார். நல்ல பையன்தான். ஆனால் அவர் தோட்டத்து மாட்டுக்கே அவர் அம்மாதான் தண்ணி காட்டுவார். பக்கத்துத் தோட்டத்துக்குக் களையெடுக்க வரும் அக்கா ஒருவரையும் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் தொழுவத்துக்குள் வந்ததும் முதலில் சாணியைப் பார்த்தார். "எளகலா இருக்குதே, பச்சை சாஸ்தி போடறீங்களா அம்மிணி?" என்று கேட்டார். அப்புறம் தொட்டித் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கூலியைப் பேசினார்.

அவரிடமே விடுவது என்று முடிவு செய்தேன். "பங்காளிய உட்டுப்போட்டு வேத்தாளுகிட்டயா உடறது?" என்று அத்தை கோபித்துக்கொண்டார். உறவுக்காரர் உதவி என்று செய்வதில் குறை சொல்ல முடியாது. கூலி பேசி வருபவரிடம் கேள்வி கேட்கலாம், கணக்குக் கேட்கலாம். தம்பியைப் பிணை போல வைத்துக்கொண்டேன். தினம் ஒருமுறை தொழுவத்தை எட்டிப் பார்ப்பது அவர் வேலை. யாருக்கும் மனவருத்தம் இல்லை.

நான்காம் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த அக்கா போன் செய்தார். "அம்மிணி, கன்னுக்குட்டி கழியுதுங்க. சாயந்திரம் பால் கொஞ்சம் சேத்தி உட்டுட்டனுங்க, அதுல வந்ததாட்ட இருக்குது." மருத்துவரிடம் போனில் கேட்டுச் சொன்னபடி உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தார். காலையில் மருத்துவர் வந்து பார்த்தார். கன்று பிழைத்தது. ராத்திரியே சொல்லாமல் இரண்டு நாள் கழித்துச் சொல்லியிருந்தால் கன்று இருந்திருக்காது. கழிச்சலில் கன்றுக்குப் போகிற நீர்ச்சத்து அவ்வளவு வேகமாகப் போகும்.

நம்பிக்கையான ஆள் என்றால் என்ன என்று கேட்டால், எனக்கு அந்தப் போன்தான் நினைவுக்கு வரும். மாடு, கன்று என்றால் எவர் கையிலும் ஏதாவது ஒன்று ஆகத்தான் செய்யும். ஆனதை, தன் கை தவறியதையும் சேர்த்து, அந்த நேரத்திலேயே சொல்கிறவர்தான் நம்பிக்கையான ஆள். அப்படிச் சொல்ல அவருக்குப் பயம் இல்லாமல் வைத்திருப்பது நம் பொறுப்பு. கிளம்பும்போதே, "என்ன ஆனாலும் கூப்பிடு, திட்ட மாட்டேன்" என்று சொல்லுங்கள். டாக்டரை அழைக்க உங்களைக் கேட்க வேண்டியதில்லை என்றும் சொல்லுங்கள். மருந்துச் செலவுக்குத் தனியாகக் கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டுப் போங்கள். பணமும் இல்லாமல் அனுமதியும் இல்லாமல், பாவம், அவர் என்னதான் செய்வார்?

ஆளைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் குறைந்தது ஐந்து நாள் முன்பிருந்தே வரச்சொல்லுங்கள். அந்த நாட்களுக்கும் கூலி கொடுத்துவிடுங்கள். முதல் இரண்டு நாள் நீங்கள் கறங்கள், அவர் பக்கத்தில் நிற்கட்டும். பிறகு அவர் கறக்கட்டும், நீங்கள் நில்லுங்கள். பழகாத கை பட்டால் மாடு மிரளும், பாலை இறக்காது. மடியைக் கழுவித் துடைத்தபின் பால் இறங்கி நிற்பது சில நிமிடம்தான். அதற்குள் ஒட்டக் கறக்க வேண்டும். மடியில் பால் தங்கினால் மடிநோய்க்கு வழி. ஆள் மாறிய முதல் சில நாள் பால் குறையத்தான் செய்யும். அதற்காக அவரைச் சந்தேகப்பட வேண்டாம்.

கூலியைப் பணமாகவே பேசுங்கள். "கறக்கற பாலை நீயே எடுத்துக்க" என்று சொன்னால் கன்றின் வயிறு காய்ந்துவிடும். பாலைச் சங்கத்தில் உங்கள் பெயரிலேயே ஊற்றச் சொல்லுங்கள். சீட்டு தேதிவாரியாக இருந்தால் கணக்கில் பேச்சே வராது.

தீனி விவரத்தைத் தொழுவச் சுவரில் கரியால் எழுதுங்கள். கிலோக் கணக்கு வேண்டாம். எந்தக் கிண்ணம், எத்தனை கிண்ணம் தவிடு, எத்தனை கிண்ணம் புண்ணாக்கு என்று வீட்டு அளவையிலேயே எழுதுங்கள். எழுத்து தெரியாதவர் என்றால் அந்தக் கிண்ணத்தையே அவர் கையில் கொடுத்து அளந்து காட்டுங்கள். கறவை மாடு நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும், ஆகவே தொட்டி காயக்கூடாது. செய்யக்கூடாதவற்றைத் தனியாகச் சொல்லுங்கள். மீந்த சோறு, அரிசி, மாவு என்று பாசத்தில் அள்ளி வைக்கக்கூடாது. திடீரென்று மாவுத்தீனி அதிகமானால் வயிற்றில் அமிலம் கூடி மாடு படுத்துவிடும். பொங்கல் முடிந்த மறுநாள் கால்நடை மருந்தகங்களில் நிற்கிற கூட்டமே இதற்குச் சாட்சி. பூக்காத இளஞ்சோளத்தையும், வெட்டியபின் துளிர்த்த சோளத்தையும் அறுத்துப் போடக்கூடாது. மரவள்ளி இலையும் அப்படித்தான். அவற்றில் உள்ள நஞ்சு, மருத்துவர் வருவதற்குள் உயிரை எடுத்துவிடும். நம் தோட்டத்தில் எந்தப் பாத்தி மேய்க்கலாம், எது ஆகாது என்று வெளியாளுக்குத் தெரியாது. கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

வேளாண் அலுவலராக ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். யூரியா மூட்டையும் உப்பு மூட்டையும் ஒரே மூலையில் இருக்கக்கூடாது. இரண்டும் வெள்ளை. தண்ணித் தொட்டியில் ஒரு கை மாறிப் போட்டால் மாடு போய்விடும். பூச்சிமருந்து, யூரியா எல்லாவற்றையும் அறையில் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

பயண நாளை மாட்டைப் பார்த்தும் குறியுங்கள். ஈனப்போகிற மாடு இருந்தால், முடிகிற பயணத்தைக் கன்று போட்டுச் சில வாரம் கழித்து வையுங்கள். பருவத்துக்கு வரும் மாடு இருந்தால் தேதியைச் சொல்லிவிடுங்கள். காலையில் கத்தினால் மாலையில் சினை ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலையில். அதைத் தவறவிட்டால் அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். மருத்துவர் போன் எண்ணோடு, கால்நடை அவசர ஊர்தியை அழைக்கும் இலவச எண் 1962-ஐயும் சுவரில் எழுதுங்கள். காதுவில்லையில் உள்ள 12 இலக்க எண்ணும், காப்பீட்டுத் தாளின் நகலும் அவர் கையில் இருக்கட்டும்.

நாயை மறந்துவிடாதீர்கள். புது ஆள் கையால் நாலைந்து நாள் சோறு வாங்கித் தின்று பழகிய நாய்தான் அவரைத் தொழுவத்துக்குள் விடும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் நாயைக் காசு கொடுத்துப் பராமரிப்பு விடுதியில் விடுகிறார்கள். அங்கும் நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். தடுப்பூசிச் சான்று கேட்காமல் நாயைச் சேர்த்துக்கொள்கிற இடம், பக்கத்துக் கூண்டு நாய்க்கும் கேட்டிருக்காது.

ஆள் கிடைக்காத ஊர் என்றால் உங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் இதைப் பேசுங்கள். ஒரு குழுவில் 12 முதல் 20 பேர் இருப்பீர்கள். மாடு வைத்திருப்பவர்கள் மட்டும் சேர்ந்து, ஒருவர் ஆஸ்பத்திரிக்கோ ஊருக்கோ போனால் இன்னொருவர் பார்ப்பது என்று முறை வைத்துக்கொள்ளலாம். மொய் எழுதுகிற மாதிரி ஒரு நோட்டில் எழுதி வைத்தால், இன்று வாங்கிய நாளை நாளை திருப்பிவிடலாம்.

ஊர் திரும்பியதும் பையை இறக்கிய கையோடு பார்த்துக்கொண்டவரைக் கூட்டிக்கொண்டு தொழுவத்துக்குப் போங்கள். மடியைத் தொட்டுப் பாருங்கள், ஆட்டை எண்ணுங்கள், கூலியை அன்றைக்கே கொடுங்கள். குறை இருந்தால் பொறுமையாகக் கேளுங்கள். நாளைக்கு அவர் வீட்டில் ஒரு கல்யாணமோ காரியமோ வரும். அப்போது அவருடைய ரெண்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்க நீங்கள் போக வேண்டும்.