மலையைக் கண்டுபிடித்தவர் யார்?

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் ஏற்காட்டில் மாலை நான்கரை மணிக்கே விளக்கேற்ற வேண்டியதாகிவிடும். மூடுபனி சில்வர் ஓக் மரங்களினூடே இறங்கி வந்து, அழையாமலே வீட்டிற்குள் நுழைந்துவிடும். அத்தகைய ஒரு மாலையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மூவர் குடைகளை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்தனர். நாங்கள் இருவரும் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்று ஆண்டுகள் பல ஆயினும், தேர்வுக் காலத்தில் எங்கள் கூடம் இன்றும் வகுப்பறையாகிவிடுகிறது. அதில் எங்களுக்கு மகிழ்ச்சியே என்பதை மறைப்பானேன்?

அவர்கள் எழுத வேண்டிய வரலாற்றுக் கட்டுரை, ‘இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நில விரிவாக்கம்’ என்பது. மூன்று பக்கங்களுக்கு மிகாமல் எழுத வேண்டுமாம். இத்தகைய கட்டுரைகளைப் பிள்ளைகள் எழுதும் முறை பெற்றோராகிய உங்களுக்கும் தெரிந்ததே. போர்களின் பெயர்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் ஆண்டைக் குறித்து, ‘இவ்வாறு ஆங்கிலேயர் இந்தியா முழுவதையும் கைப்பற்றினர்’ என்று முடித்துவிடுவர். அதில் பிழை ஒன்றும் இராது, வரலாறும் இராது.

ஆகவே முதலில் பேனாவைத் தொடவேண்டாம் என்று சொல்லி, பழைய நிலப்பட நூலை மேசைமேல் விரித்தோம். மூவருள் ஒரு சிறுமி உடனே, “கம்பெனி என்பது ஒரு நாடா, சார்?” என்று கேட்டாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை ஆண்டுகளில் இக்கேள்வியை வகுப்பில் எவரும் கேட்டதில்லை. 1600ஆம் ஆண்டில் எலிசபெத் அரசியாரிடம் பட்டயம் பெற்ற ஒரு வணிகக் கூட்டம், மிளகும் துணியும் வாங்க வந்த இடத்தில் வரி வசூலிக்கவும், படை நடத்தவும், நீதி வழங்கவும் தலைப்பட்டு, 1858இல் ஆட்சியை இங்கிலாந்தின் அரசியாரிடம் ஒப்படைக்கும்வரை நாட்டைப் போலவே நடந்துகொண்டது என்று விளக்கினோம். “அப்படியானால் கட்டுரையின் முதல் வரி அதுதான்” என்றாள் அவள். அதற்கு நாங்கள் திருத்தம் சொல்லவில்லை.

பின்னர் எங்கள் சேலத்திற்கு வந்தோம். கெட்டி முதலிகளும், மதுரை நாயக்கரும், மைசூராரும் ஒருவர்பின் ஒருவராக ஆண்ட இச்சீமை கம்பெனியின் கைக்கு வந்தது 1792 மார்ச்சு மாதத்தில். மூன்றாம் மைசூர்ப் போரில் தோல்வியுற்ற திப்பு சுல்தான் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி தம் நாட்டில் பாதியையும், மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாயையும் கொடுக்க இசைந்தார். பணம் தீரும்வரை தம் புதல்வர் இருவரைப் பிணையாக அனுப்பினார். அவ்விளஞ்சிறுவர்களைப் பற்றிச் சொன்னபோது பிள்ளைகளின் முகம் மாறியது. மராட்டியரும் நிசாமும் தத்தம் பங்கைப் பெற, பாராமகாலும் சேலமும் திண்டுக்கல்லும் மலபாரும் கம்பெனியைச் சேர்ந்தன. ஓசூர்ப் பகுதி மட்டும் 1799இல் திப்பு வீழ்ந்தபின் வந்து சேர்ந்தது.

எல்லா இடத்திலும் போர் நடக்கவில்லை என்பதையும் காட்டினோம். 1799இல் தஞ்சை மன்னர் சரபோசி, கோட்டையையும் வருவாயில் ஒரு பங்கையும் தமக்கு வைத்துக்கொண்டு ஆட்சியைக் கொடுத்துவிட்டார். 1801இல் ஆர்க்காட்டு நவாபின் நாடு ஒரு கையொப்பத்தில் போயிற்று. டல்கௌசி பிரபுவின் காலத்தில் வாரிசில்லை என்ற காரணத்தைக் காட்டி 1848இல் சதாராவும், 1854இல் ஜான்சியும் நாகபுரியும் எடுத்துக்கொள்ளப்பட்டன. அயோத்திக்கு அந்தக் காரணமும் கிட்டவில்லை; ஆட்சி சரியில்லை என்று சொல்லி 1856இல் எடுத்துக்கொண்டனர். ஒவ்வோர் இடத்திற்கும் மூன்று கேள்விகளை எழுதச் சொன்னோம்: கொடுத்தவர் யார்? வாங்கியவர் என்ன காரணம் சொன்னார்? எவரிடம் கேட்கவேயில்லை?

நிற்க. மூவருள் ஒருவன் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த சிறுவன். (வெளியூர் அன்பர்கள் கேரளத்தை நினைக்கவேண்டாம், மலையை ஆள்பவர் என்ற பொருளில் இம்மக்களுக்கு வழங்கும் பெயர் இது.) அவன் உள்ளூர்ச் செய்தியென்று தானே ஒரு வரி எழுதி வந்திருந்தான்: ‘ஏற்காடு மலையை 1842ஆம் ஆண்டு சென்னை ஆளுநர் சர் தாமஸ் மன்றோ கண்டுபிடித்தார்.’

மன்றோ இப்பகுதிக்கு அந்நியரல்லர். 1792இல் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு இச்சீமைக்கு ஆட்சியராக வந்தபோது அவருடைய உதவியாளராக வந்து, ஏழாண்டுகள் நிலம் அளந்து வரி வகுத்தவர். ஆனால் 1820 முதல் ஆளுநராயிருந்த அவர் 1827 சூலையில், சுற்றுப்பயணத்தின்போது பட்டிக்கொண்டாவில் காலரா கண்டு இறந்துபோனார். 1842இலோ, அவர் சென்னைத் தீவுத்திடலருகே வெண்கலக் குதிரைமேல் சிலையாக ஏறி அமர்ந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. சிலை எப்படி மலை ஏறும் என்று நாங்கள் கேட்டதும் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்தனர். அச்சிறுவன் மட்டும் சிரிக்கவில்லை.

“இது அம்மாவுடைய பழைய நோட்டில் இருந்தது, டீச்சர். நீங்கள் எழுதிப் போட்டதுதானாம்.”

மழைச் சத்தம் மட்டுமே கேட்டது. அவன் தாய் எங்கள் மாணவி. சுற்றுலாக் குறிப்பு ஒன்றிலிருந்து எடுத்த அவ்வரியை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போட்டது நாங்களே என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆளுநர் இறந்த ஆண்டைப் பார்க்க ஒரு நாளும் நூலைத் திறந்தோமில்லை. ஆண்டு பிழையானதுகூடப் பெரிதன்று. அவ்வரியைத் தன் மலையில் பிறந்த பெண்ணொருத்தி அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டாள். அவளுக்கு மதிப்பெண்ணும் கொடுத்தோம். காஞ்சிப் பக்கமிருந்து வந்த சகோதரர் மூவர் சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் பிரிந்து குடியேறினர் என்று அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். சாமையும் கேழ்வரகும் விதைத்து, உச்சியில் சேர்வராயனுக்குக் குகைக்கோயில் கொண்டு, ஆண்டுதோறும் மே மாதத்தில் விழா எடுப்பவர்கள் அவர்கள். அச்சாமியின் பெயரைத்தான் வெள்ளையர் ‘செவராய்’ என்று திரித்து வரைபடத்தில் எழுதினர். பெயரையே அங்கே வாழ்ந்தவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, மலையைக் கண்டுபிடித்ததாகச் சொல்வது எவ்வாறு?

இச்சொல் எங்கள் மலைக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1493இல் ஆறாம் அலெக்சாந்தர் பாப்பரசர் ஆணையோலை வழங்க, அடுத்த ஆண்டு தோர்தெசிலாஸ் உடன்படிக்கையில் ஸ்பெயினும் போர்த்துக்கல்லும் கடலில் ஒரு கோடு கிழித்து, ‘கண்டுபிடிக்கப்படும்’ நிலங்களைப் பங்கிட்டுக்கொண்டன. 1803இல் அமெரிக்கா ஒன்றரைக் கோடி டாலருக்குப் பிரான்சிடமிருந்து லூசியானாவை வாங்கித் தன் பரப்பை இருமடங்காக்கிற்று. அங்கே குடியிருந்த பழங்குடியினர் அவ்விலையைப் பேசியவர்களுமல்லர், பெற்றவர்களுமல்லர். 2023 மார்ச்சு 30ஆம் நாள் திருப்பீடத்தின் இரு துறைகள் கூட்டறிக்கை விடுத்து, அந்தக் கண்டுபிடிப்புக் கோட்பாடு திருச்சபையின் படிப்பினையன்று என்று கூறி அதனை மறுத்தன. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கத்தோலிக்கராகிய நாம் இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லவேண்டும் என்று கருதியே அன்று சொன்னோம். சிறுமி மட்டும், “இவ்வளவு தாமதமாகவா?” என்றாள்.

அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் அவன் வந்தபோது, கட்டுரைக்கு உள்ளூர்ச் செய்தி வேண்டுமானால் 1820களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்று எழுதலாம் என்றோம். மலையின் நிலம் எவ்வாறு தோட்டங்களாயிற்று என்பதற்கு அதுவே தொடக்கம். அவன் தலையாட்டிவிட்டு, தன் தாத்தாவிடம் கேட்டு எழுதியதைக் காட்டினான்: ‘1792இல் எங்கள் மலை கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டது. கொடுத்தவரும் வாங்கியவரும் சீரங்கப்பட்டணத்தில் இருந்தனர். நாங்கள் மலையில் இருந்தோம்.’

கட்டுரையில் ‘நாங்கள்’ என்று எழுதலாகாது என்பது நாங்கள் வழக்கமாகச் சொல்லும் விதி. சிவப்புப் பேனாவை எடுத்த கை தானே நின்றுவிட்டது. அதை அப்படியே விட்டோம்.

ஞாயிறு சந்தையில் அவன் தாயைக் கண்டோம். நோட்டைக் கொண்டுவரச் சொன்னோம். மறுவாரம் பழுப்பேறிய அந்த நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக்கொண்டு வந்தாள். குறித்த பக்கத்தைத் திறந்து, அவ்வரியை எங்கள் கையாலேயே அடித்துவிட்டு, பக்கத்தில் அன்றைய தேதியையும் இட்டோம். அவள் காப்பியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

“இதற்கு அன்றைக்கு ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தீர்களே, டீச்சர். இப்போது குறைத்துவிடுவீர்களா?”