சபை மண்டபம் யாருக்கு?

பூர்வீகம் பாளையங்கோட்டை. மும்பைக்கு மாற்றலாகி வந்து பதினாறு வருஷம் ஓடிப்போச்சு. இங்கே எங்க தமிழ்ச் சபைக்கு நான்தான் பொருளாளர். (பேங்க்காரன்னா எங்கே போனாலும் கணக்கு நோட்டு நம்ம தலையிலதான்!) போன வாரம் ஒரு குழு வந்து, காசா மக்களுக்காகக் கூட்டம் நடத்த மண்டபம் கேட்டாங்க. தாராளமா நடத்தட்டும். ஆனா நோட்டீஸ்ல, "அன்று கிறிஸ்துவைக் கொன்ற அதே கைகள்" என்று ஒரு வரி. அங்கேதான் எனக்கு இடிச்சுது.

இந்தச் சிக்கல் புதுசு இல்லீங்க. 2007 அக்டோபர்ல அமெரிக்காவின் பாஸ்டன்ல, 1669-ல் தொடங்கின ஓல்டு சவுத் சர்ச்ல இதே மாதிரி ஒண்ணு நடந்துச்சு. எருசலேமின் 'சபீல்' அமைப்புக்காக நடந்த மாநாட்டுக்கு அந்த சர்ச் இடம் கொடுத்தது. இஸ்ரேல் பாலஸ்தீனரை நடத்துறதைத் தென்னாப்பிரிக்க நிறவெறியோட ஒப்பிடறதுதான் தலைப்பு. முக்கியப் பேச்சாளர் டெஸ்மண்ட் டுட்டு. வெளியே யூத அமைப்புகளின் எதிர்ப்பு.

அந்த ஒப்பீட்டைச் சொல்ல டுட்டுவுக்கு இல்லாத உரிமை யாருக்கு இருக்கு? நிறவெறியை அனுபவிச்ச மனுஷன். ஒரு அரசாங்கத்தைக் கண்டிக்கிறது யூத வெறுப்பு ஆகாது. எதிர்த்தவங்க காட்டின இன்னொரு விஷயம்தான் என்னை யோசிக்க வெச்சுது. சபீலைத் தொடங்கின நயீம் அத்தீக், பாலஸ்தீனத்து ஆங்கிலிக்கன் குருவானவர். 2001 ஈஸ்டர் செய்தியில பாலஸ்தீனர் படற பாட்டைச் சிலுவைப்பாடாவும், இஸ்ரேல் அரசைச் சிலுவையில் அறையறவங்களாவும் எழுதினார். அவர் வேதனை நிஜம். ஆனா 'இயேசுவைக் கொன்றவர்கள்' என்ற பழியைச் சொல்லித்தானே ஐரோப்பாவில யூதர்களைப் பல நூற்றாண்டு அடிச்சு விரட்டினாங்க? அந்தப் பழியை எல்லா யூதர் மேலும் போடக்கூடாதுன்னு வத்திக்கான் சொன்னதே 1965-ல்தான்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? சின்ன வயசுல பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில "யூதர்கள் ஆண்டவரைக் கொன்னாங்க"ன்னு கேட்டுக் கேட்டு வளர்ந்தவன்தான். ஒரு யூதரைக்கூடப் பார்த்தது கிடையாது.

முதல்ல பார்த்தது இங்கேதான், என் மேனேஜரா. பெனே இஸ்ரேல் சமூகம், வீட்டில மராத்தி பேசுவார். மஸ்ஜித் ஸ்டேஷனுக்கு அந்தப் பேர் வந்ததே 1796-ல் கட்டின யூத ஜெபாலயத்தாலன்னு அவர்தான் சொன்னார். நரிமன் ஹவுஸ்ல 2008 நவம்பர்ல ரபியையும் அவர் மனைவியையும் கொன்ன ரணம் ஆறாத நேரம் அது. பெரிய வெள்ளிக்கு முந்தின சாயங்காலம், நான் கிளம்பும்போது சிரிச்சுக்கிட்டே கேட்டார்: "நாளைக்கு உங்க சர்ச்ல எங்களைப் பத்தி என்ன சொல்வாங்க?"

"ஒண்ணும் இல்ல சார்"னு பொய் சொன்னேன்.

லாக்கர்ல என்ன வைக்கிறாங்கன்னு பேங்க் பார்க்கிறதில்லை. வாடகை வந்தா சரி. சபை மண்டபத்துக்கும் அதுதான் நியாயம்னு கமிட்டியில ஒருத்தர் வாதாடறார். அங்கே பலிபீடம் பக்கத்துல இருக்கேய்யா, மேடையில சொல்றது நம்ம வாயிலிருந்து வந்த மாதிரிதானே கேட்கும்?

மண்டபம் கொடுக்கலாம், அந்த வரி மட்டும் போகட்டும்னு எழுதிக் கொடுத்துட்டேன். "அண்ணாச்சி, குழந்தைங்க சாகுது, நீங்க வரி பார்க்கறீங்களா?"ன்னு அந்தக் குழுவில ஒரு தம்பி கேட்டுட்டான். ராத்திரி தூக்கம் வரலை. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு கமிட்டி கூடுது.