மணலில் எழுதிய பாடம்

அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் புள்ளிகளிட்டு, விரலெடுக்காமல் கோடிழுத்தபடியே கதை சொல்வர். 'சோனா' எனும் இக்கோலங்கள் அடிமை வணிகத்தாலும் குடியேற்ற ஆட்சியாலும் அருகிப்போயின. மொசாம்பிக்கில் உழைத்த கணித அறிஞர் பவுலுஸ் கெர்டெஸ் (1952–2014) அவற்றை வகுப்பறைக்கு அழைத்தார்.

மூன்று வரிசையில் நந்நான்கு புள்ளிகள். ஒரே கோடு அனைத்தையும் சூழ்ந்துவிடும். நான்கு வரிசையில் அவ்வாறு புள்ளிகளெனில் இரு கோடுகள் வேண்டும். ஏன்? ஆசிரியர் விடை கூறாமல் காத்திருந்தால், வரைந்து வரைந்து மீப்பெரு பொது வகுத்தியைச் சிறாரே கண்டடைவர்.

முன்னோர்க்கு அறிவில்லை என்று கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இது வெறும் கணக்கன்று, மாண்பின் மீட்பு. இதைப் படித்தபின் நம் தெருவின் சிக்குக்கோலங்களை நின்று நோக்கினோம். அதே வினா அங்கும் கிடக்கிறது. கேட்கும் பிள்ளைக்காகக் காத்திருக்கும் பொறுமைதான் நமக்குத் தேவை.