பின்னால் வருபவருக்காக

சென்னை சென்ட்ரலுக்குச் செல்லும் ரயில் எதுவாயினும் பேசின் பிரிட்ஜைக் கடந்தே ஆகவேண்டும். அங்குள்ள பணிமனையில் பராமரிப்புக்காக நிற்கும் பழைய வகைப் பெட்டிகளின் முனைகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஒவ்வொரு முனையிலும் இரண்டு வட்டமான இரும்புத் தட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். பஃபர் என்பது அவற்றின் பெயர். தண்டவாளத்திலிருந்து அவற்றின் மையம் காலி வண்டியில் 1,105 மில்லிமீட்டருக்கு மேற்படக்கூடாது. சுமையேற்றிய வண்டியில் 1,030-க்குக் குறையக்கூடாது. அகல ரயில்பாதைக்குரிய விதி இது. எங்கே கட்டப்பட்ட பெட்டியாயினும் அதன் பஃபர் அடுத்த பெட்டியின் பஃபரையே தொடும். அதிர்ச்சியை அங்குள்ள வில்சுருள் ஏற்றுக்கொள்ளும்.

சாலையில் இத்தகைய உடன்பாடு இயல்பாக அமைவதில்லை. துறைமுகத்தை நோக்கி எண்ணூர்ச் சாலையில் வரிசையாய் நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பாருங்கள். தளத்திற்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு வெற்றிடம்! பின்னால் வரும் கார் மோதினால் அதன் முன்பகுதி அடியில் நுழைந்துவிடும். லாரியின் தளமோ உள்ளிருப்பவரின் தலையைத் தாக்கும். 1967 ஜூன் 29 அன்று அமெரிக்க நடிகை ஜேன் மேன்ஸ்ஃபீல்டு சென்ற கார் இவ்விதமே ஒரு டிரெய்லரின் அடியில் புகுந்தது. முன்னிருக்கையில் இருந்த மூவரும் மாண்டனர். பின்னிருக்கையில் இருந்த குழந்தைகள் பிழைத்தனர். லாரியின் பின்புறக் காப்புக் கம்பியை அந்நாட்டில் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றனர். நம் நாட்டில் ஐ.எஸ். 14812 என்னும் தரநிலை 2005-இல் வெளிவந்தது. காலி வண்டியில் அக்கம்பியின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 550 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்கிறது அது.

எங்கள் தெருவில் வாழும் லாரி உரிமையாளர் ஒருவருடன் சென்ற ஆண்டு பேசின் பிரிட்ஜை அடுத்த வெல்டிங் பட்டறைக்குச் சென்றிருந்தேன். கிடங்கு ஒன்றில் பின்னோக்கி எடுத்தபோது சுவரில் மோதி, பின் பம்பர் உள்நோக்கி மடங்கியிருந்தது. நிமிர்த்தித் தந்தால் போதும் என்றார் அவர். மாதத் தவணை நெருங்கியிருந்தது. வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு நட்டம்.

"ஒரு தடவை மடங்கினது மறுபடி அதே இடத்துலதான் மடங்கும், முதலாளி. புதுசு போட்டுடலாம்" என்றார் மேஸ்திரி.

"அப்போ ஒரு சாண் மேல தூக்கி வச்சிடுங்க, மேஸ்திரி. சரிவுல ஏறும்போது தரையில உரசுது."

மேஸ்திரி பதில் கூறாமல் டேப்பைத் தரையில் ஊன்றி அளந்து, சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார்.

"இதுக்கு மேல போனா பைக்குல வர்றவன் அடியில போயிடுவான்."

"கீழ வச்சா எனக்கு என்ன லாபம்?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல. பின்னால வர்றவனுக்குத்தான்."

உரிமையாளர் சிறிது நேரம் அக்கோட்டையே நோக்கிக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, கோட்டுலயே வையுங்க" என்றார். பழைய கம்பியை வெட்டியெடுத்து, புதிய தாங்கிகளைச் சேஸியில் போல்ட் போட்டு முறுக்கி முடிக்க மாலையாகிவிட்டது. அன்றைய வாடகை போயிற்று.

அந்தப் பதிலை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். வண்டியில் நாம் பொருத்தும் பெரும்பாலானவை நமக்கானவை. இக்கம்பியோ முகமறியாத ஒருவருக்காக நம் செலவில் சுமக்கப்படுவது. அது காப்பாற்றும் மனிதர் நன்றி கூற வரப்போவதில்லை. தாம் காப்பாற்றப்பட்டதையே அவர் அறியாமற் போகலாம். வலியது தன் உயரத்திலேயே நின்றுகொண்டு, எளியது தன்னைக் காத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால் அங்கே சந்திப்பு நிகழாது, நசுக்கலே நிகழும். வலியதுதான் கையை இறக்கி நீட்டவேண்டும்.

அடுத்த முறை சிக்னலில் ஒரு லாரியின் பின்னே நிற்கும்போது அந்தக் கம்பியைப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் இருந்தால், யாரோ ஒருவர் உங்களை நினைத்திருக்கிறார். இடுப்புயரத்தில் இருந்தால், சற்றுத் தள்ளியே நில்லுங்கள்.