மாமாவின் கம்ப்ரஸர்

லண்டனில் பிறந்த எனக்குத் திருச்செங்கோடு என்றால் மலைக்கோயிலும் போர்வெல் வண்டிகளும்தான். போன மாசம் அங்கிருந்து மாமா, புது கம்ப்ரஸர் வாங்கப் பணம் கேட்டார். எங்களுக்கும் வீட்டுக்கடன் இருக்கு. "பழசு போதாதுங்களா?" என்றேன்.

"ஆழம் கூடிப்போச்சு கண்ணு. ஹேமர் பாறையை உடைக்க அழுத்தம் வேணும். தூளை மேலே தூக்கக் காத்தோட அளவு வேணும். குழியில 33 அடி தண்ணி நின்னா சுமார் 1 பார் எதிர்க்கும். 1,000 அடி நின்னா 30 பார். பழசு 20தான் தரும்."

பக்கத்திலிருந்த மகள் வகுத்துப் பார்த்து, "தாத்தா சொல்றது கரெக்ட்" என்றாள். அதுவரை அவளுக்கு அவர் பணம் கேட்கும் சொந்தக்காரர், இப்போ இன்ஜினியர்.

பாதித் தொகை அனுப்பினோம். ஊரிலிருந்து பணம் கேட்டால் பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்பாதீங்க. எதுக்குன்னு அவங்களும் கேட்கட்டும்.